என்ன என்று மட்டும் கேட்டவர்

அவருடைய சோற்றுப் பார்சலை யாரோ தின்றுவிட்டார்கள். அவர் வேலைக்கு வந்து நாலாவது நாள். பன்னிரண்டரைக்குக் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தால், மேசைமேல் வெறும் கடதாசிதான் கிடக்கிறது. அந்த இடத்தில் அன்றைக்கு இருந்ததே மூன்று பேர். அவர், நான், காவல்காரர். நான் தின்னவில்லை. மிச்சத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் பெரிய பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை. காவல்காரரோ அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். வருசத்தில் ஒரு நாளும் துடைக்காத கம்பிகள்.

நானாக இருந்தால் கீழே ரத்தோட்டை டவுனுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டிருப்பேன். அவர் கடதாசியை விரித்துப் பார்த்தார். ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு துண்டுக் கறியை விரலால் தள்ளினார்.

“கத்தரிக்காய் பிடிக்கேல்லைப் போல,” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு பார்சல் கொண்டுவந்தார். ஒன்றில் கத்தரிக்காய் இல்லை. அதை மேசை நடுவில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பார்சலை அன்று யாரும் தொடவில்லை. அடுத்த நாள் காவல்காரர் தன் வீட்டுப் பலாக்காய் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, அவருடைய மேசைக்கு அடியில் உருட்டிவிட்டார்.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் சொல்வதும் பெயர் கேட்பதும் அவருக்கே பிடிக்காத காரியம். கைவேலை தெரிந்தவரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் கூப்பிடுவது. எல்லோரும் அவரைப் பாஸ் என்றார்கள். நான் தம்பி என்றேன். எனக்கு அப்போது அறுபத்தாறு வயது, அவருக்கு நாற்பத்தைந்து இருக்கும்.

நாங்கள் வேலை செய்த இடம், ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் மலைக்கு ஏறுகிற ரோட்டில், பைனஸ் மரக்காட்டு ஓரத்தில் இருந்தது. மாத்தளை டவுனில் கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் அந்தக் காணியை எடுத்து, பழைய டயரும் தகர டிரம்மும் அங்கங்கே அடுக்கி, சாயக்குண்டு சுட்டு விளையாடும் இடமாக ஆக்கியிருந்தார். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஆபீஸ்காரர்கள் வருவார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள், முகத்தில் மூடியைப் போட்டுக்கொண்டு, டிரம்முக்குப் பின்னால் குந்தி ஒருவரை ஒருவர் சுடுவார்கள். குண்டு என்றால் பயப்பட வேண்டாம். நெல்லிக்காய் அளவு உருண்டை, உள்ளே சாயம். பட்டால் உடையும்; சட்டை பாழாகும். அந்தச் சட்டைகளைத் துவைப்பது நான். பின்னேரம் அந்தக் குண்டு சுடுகிற துவக்குகளைத் துடைத்து அலமாரியில் அடுக்கிப் பூட்டுவதும் நான்தான். சாவி என் இடுப்பில் இருக்கும். முப்பத்தோரு வருசம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் நான். என் கூடையை ஒரு நாளும் கங்காணி கொட்டிப் பார்த்ததில்லை. அந்தச் சாவியையும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

அந்தத் தம்பி வடக்குப் பக்கத்து ஆள். அதற்கு முன் தம்புள்ளையில் மரக்கறிக் குளிரறைகளின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். காற்றை அமுக்கி அடைத்து வைக்கிற எந்தச் சாமானும் அவருக்குப் பழக்கம். எங்களுடைய பன்னிரண்டு துவக்குகளுக்கும் வெடிமருந்து கிடையாது, காற்றுதான். ஒவ்வொன்றின் அடியிலும் காற்று அடைத்த போத்தல் ஒன்றைத் திருகிப் பூட்ட வேண்டும். போத்தலில் இருக்கிற காற்று மிகவும் கோபமான காற்று. அதை அப்படியே விட்டால் துவக்குத் தாங்காது. நடுவில் ரெகுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் கேஸ் சிலிண்டரின் தலையில் மாட்டுவோமே, அதன் சின்னப் பிள்ளை மாதிரி. அது ஒவ்வொரு வெடிக்கும் அளந்து அளந்து காற்றுக் கொடுக்கும். அளவு கூடினால் குண்டு வேகமாய்ப் போய் ஆளுக்குக் காயம் வரும். குறைந்தால் குண்டு பாதி வழியில் புல்லில் விழும். குண்டு நொடிக்கு எத்தனை அடி போகிறது என்று வேகம் பார்க்கிற சின்னக் கருவி ஒன்றும் வைத்திருந்தார். அதில் இருநூற்று எண்பதுக்கு மேல் காட்டினால் அந்தத் துவக்கு வெளியே போகாது.

துவக்கு என்று நான்தான் சொல்கிறேன். அவர் ஒரு நாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. “அந்தச் சாமானை எடுத்துத் தாங்கோ அம்மா,” என்பார். “ஏழாம் நம்பர் சாமான் கொஞ்சம் முணுமுணுக்குது,” என்பார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் நமக்குப் பொறுமை போய்விடும். ஒரு திருகாணியைத் திருப்புவார், அதுவும் கால் சுற்று. பிறகு கருவிக்கு முன்னால் ஐந்து குண்டு சுடுவார். ஐந்து எண்ணையும் கிழித்த அட்டைப்பெட்டியில் பென்சிலால் எழுதுவார். பிறகு அந்த ஆணியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிட்டு அடுத்த ஆணியைத் தொடுவார்.

“ரெண்டையும் ஒரேயடியா திருப்புனா வேலை முடியுமே தம்பி,” என்று ஒருநாள் சொன்னேன்.

“முடியும் அம்மா. ஆனா எதால முடிஞ்சது எண்டு தெரியாமல் போயிடும்.”

ஒரு தடவை கண்டிப் பக்கத்து வாலிபர்கள் ஐந்து பேர் ஒரு துவக்கின் விசையை உடைத்துக்கொண்டு வந்தார்கள். ஐந்து பேரும் ஐந்து பக்கம் கையைக் காட்டினார்கள். இவன், அவன், அவன் இல்லை இவன். முதலாளியாக இருந்தால் ஐந்து பேரையும் வரிசையில் நிறுத்தியிருப்பார். தம்பி துவக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விழுந்ததோ, இழுத்ததோ?”

“நான் இல்லைங்க, இவன்தான்...”

“அது வேண்டாம். விழுந்ததெண்டால் ஒரு வேலை. பிடிச்சு இழுத்ததெண்டால் வேற வேலை.”

“விழுந்திச்சுங்க,” என்று ஐந்து பேரும் ஒன்றாய்ச் சொன்னார்கள். எந்தக் கல்லில் விழுந்தது என்றுகூடக் கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

இது நல்ல குணமா, ரோசம் இல்லாத குணமா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. எனக்கு யார் என்று தெரிய வேண்டும். தோட்டத்தில் எனக்குப் பிரித்துக் கொடுத்த நிரையில் யாராவது ஒரு கொழுந்தைக் கிள்ளிவிட்டால், யார் என்று கண்டுபிடித்து நாலு வார்த்தை கேட்டால்தான் அன்றைய சோறு இறங்கும். அவருடைய நல்ல திருகாணிச் சாவி ஒன்று காணாமல் போனபோது இரண்டு நாள் நான்தான் பொருமினேன். அவர், “அந்தப் பதினாலாம் நம்பர் இல்லாமல் எப்பிடிச் செய்யலாம்?” என்று யோசித்துக்கொண்டு, ஒரு சைக்கிள் கம்பியை வளைத்துக்கொண்டிருந்தார்.

துவைத்த சட்டைகளை இரண்டு பேருமாய்க் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

“ஏன் தம்பி, யாருன்னு கேக்கவே மாட்டீங்களா? நாக்குல அந்த வார்த்தையே இல்லையா?”

அவர் ஒரு சட்டையின் கையை இழுத்து நேராக்கினார். “எங்கட பக்கம் ஒரு காலம் ஆர், ஆர் எண்டுதான் அம்மா கேட்டவை. எல்லாப் பக்கத்தாரும் வந்து கேட்டவை. கேட்டு எழுதிக்கொண்டு போன பேர் ஒண்டும் திரும்பி வரேல்லை.”

நான் அடுத்த சட்டையை உதறிக் கயிற்றில் போட்டேன். அவரே, “இந்தப் பச்சைச் சாயம் சவர்க்காரத்துக்குப் போகுதோ?” என்று கேட்டார்.

“வெயில்ல போட்டா போயிரும் தம்பி,” என்றேன்.

இப்போது அவர் இங்கே இல்லை. ஏதோ ஒரு வெளிநாட்டில், மீன் அடைத்து வைக்கிற பெரிய குளிரறை ஒன்றில் வேலை என்று சொன்னார்கள். ஆளைப் பார்த்து நாலு வருசம் ஆகிறது. ஆனாலும் அந்த ஐப்பசி மாதத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சூடாகும்.

அவர் ஊரில் ஒரு சாவு. ஒரு கிழமைக்கு, ஏழு நாள், லீவு போட்டுவிட்டுப் போனார். அந்தக் கிழமை முழுக்க மழையும் பனியும். காய்கிற துணி ஒன்றும் இல்லை. அலமாரிக்குள்ளேயே ஈரம் ஏறுகிறது. துவக்குகளைத் துடைக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தம்பி மாதத்தில் ஒரு தரம், காற்றுப் போத்தல் பூட்டுகிற அந்த ஓட்டைக்குள் சின்னப் போத்தல் ஒன்றிலிருந்து ஒரு துளி எண்ணெய் விடுவார். உள்ளே இருக்கிற ரப்பர் வளையங்கள் காய்ந்துபோகாமல் இருக்க என்று சொல்லியிருந்தார். அவர் இல்லாத நேரம் இந்த ஈரத்தில் எல்லாம் துருப்பிடித்தால் என்ன ஆகும்? சின்னப் போத்தலைத் தேடினேன்; மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். எண்ணெய்க்கா பஞ்சம்? என் பையில் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் இருந்தது. என் தையல் மெசின் இருபது வருசமாக அதில்தான் ஓடுகிறது. ஓட்டைக்கு ஒரு துளி வீதம் பன்னிரண்டுக்கும் விட்டேன். வெளியிலும் துணியால் லேசாகப் பூசினேன். துவக்குகள் பளபளவென்று கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி நின்றன. யாரும் சொல்லாமல், நானாகவே செய்தேன். அது எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று தொட்டுத் தினமும் பின்னேரம் செய்தேன்.

அவர் திரும்பிவந்த மறுநாள் காலையில் துவக்குகள் கோளாறு பண்ணத் தொடங்கின.

எட்டு மணிக்கு முதல் குண்டு முந்நூற்று இருபதில் போகும். இரண்டாவது இருநூற்று அறுபது. பத்துக் குண்டு படபடவென்று சுட்டால் கடைசிக் குண்டுகள் மூக்குச்சளி மாதிரி வழிந்து விழும். மத்தியானம் வெயில் வந்ததும் எல்லாம் நல்ல பிள்ளைகள். பின்னேரம் வரைக்கும் இருநூற்று எழுபத்தைந்து, எழுபத்தாறு என்று ஒரே வரிசை. சரி, திருந்திவிட்டது என்று நினைத்தால் மறுநாள் காலை மறுபடியும் அதே கூத்து.

தம்பி அட்டைப்பெட்டியைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் குண்டைச் சந்தேகப்பட்டார். ஈரத்துக்கு ஊதியிருக்குமோ என்று புதுப் பெட்டி உடைத்தார், மாறவில்லை. போத்தல்களை மாற்றி மாற்றிப் பூட்டினார், மாறவில்லை. வேகம் காட்டுகிற கருவியே பொய் சொல்லுகிறதோ என்று முதலாளியின் மச்சானிடமிருந்து வேறொன்று இரவல் வாங்கினார். இரண்டு கருவியும் ஒரே எண்ணைக் காட்டின. தினமும் வெயில் ஏறினதும் ரெகுலேட்டர்களைக் கழற்றித் துடைத்தார்; உள்ளே இருக்கிற சுருள்கம்பியையும் மாற்றினார். பின்னேரம் பார்த்தால் அருமையாய் வேலை செய்கிறது, காலையில் பார்த்தால் பழைய குணம்.

“காலையில மனுசனுக்கே கை விறைக்குது. துவக்குக்கு விறைக்காதா?” என்று நான் புத்தி சொன்னேன்.

“குளிர் எண்டுதான் நானும் நினைக்கிறன் அம்மா. ஆனா போன வருசமும் இதே குளிர்தானே?”

பாவம், துவக்குகளுக்குச் சுகமில்லையே என்று, பின்னேரங்களில் நான் இன்னும் கவனமாக எண்ணெய் விட்டேன். எல்லாவற்றிலும் மோசம் ஏழாம் நம்பர். அதற்கு மட்டும் இரண்டு துளி.

ஒரு புதன்கிழமை காலை, அது நடந்தது. மாத்தளையிலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். தம்பி எல்லாத் துவக்கின் வேகத்தையும் நன்றாகக் குறைத்துத்தான் கொடுத்தார். ஆனாலும் கொஞ்ச நேரம் சும்மா இருந்த ஒரு துவக்கின் முதல் குண்டு, ஒரு பிள்ளையின் கழுத்தில், முகமூடிக்குக் கீழே பட்டுவிட்டது. அந்த இடம் ஒரு தேயிலைக்கொட்டை அளவுக்குக் கறுத்து வீங்கியது. பிள்ளை அழவில்லை, அவளுடைய தகப்பன்தான் கத்தினார். தம்பி பன்னிரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடமே திருப்பித் தந்தார்.

“முதலாளி கேட்டாலும் குடுக்காதேங்கோ அம்மா. கொஞ்சம் மேல பட்டிருந்தால் கண். முகமூடியைக் கழட்டியிருந்தால்...”

முதலாளி அன்று பின்னேரம் தன் வான் வண்டியில் வந்து இறங்கினார். கெட்ட மனிதர் இல்லை. வாய்தான் பெரிது.

“என்னத்த பாஸ் இது? சனிக்கிழம கொழும்பு ஆக்கள் நாப்பது பேர் வாராங்க. ரெண்டு மாசத்துக்கு முந்தியே சொல்லி வெச்ச ஆக்கள். இப்ப துவக்கு இல்லன்னு நான் எந்த மொகத்த வெச்சிக்கிட்டு சொல்லுற?”

“எல்லாம் ஒரே வேகத்தில போகாமல் ஒரு சாமானும் வெளியால போகாது முதலாளி.”

“அப்ப சனிக்கிழமைக்குள்ள செஞ்சி முடிங்க. இல்லாட்டி கிரவுண்ட மூடிட்டு நான் வேற வேல பாக்குறன். நீங்களும் போங்க, இந்த ஆச்சியும் போகட்டும், கேட்டுல நிக்கிற வோச்சரும் போகட்டும்.”

வியாழனும் வெள்ளியும் தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம், நான் எண்ணெய் விடுவதற்கு முன்பே, மூன்றாம் நம்பர் துவக்கைத் தலை துடைக்கிற துவாய் ஒன்றில் சுற்றி, தான் தங்கியிருந்த அறைக்குக் கொண்டுபோனார்.

“என்ன தம்பி, கட்டிப்பிடிச்சுத் தூங்கவா?” என்று கேலி செய்தேன்.

“அலமாரியில இல்லாமல் வேற இடத்தில கிடந்தால் என்ன செய்யுது எண்டு பாப்பம் அம்மா. யன்னலைத் திறந்து, குளிரிலயே வைக்கிறன்.”

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் போனபோது அவர் எனக்கு முன்னாலேயே வந்து நின்றார். காடே தெரியாத பனி. மூன்றாம் நம்பரைக் கருவிக்கு முன்னால் சுட்டார். இருநூற்று எழுபத்தாறு, எழுபத்தைந்து, எழுபத்தாறு. பத்துக் குண்டு, ஒரு பிசகு இல்லை. அலமாரியிலிருந்து ஏழாம் நம்பரை எடுத்துச் சுட்டார். முந்நூற்று முப்பது.

“ரெண்டுக்கும் ஒரே குளிர்,” என்று மெதுவாகச் சொன்னார். “அப்ப அலமாரிக்குள்ள ஏதோ நடக்குது.”

ஏழாம் நம்பரின் ரெகுலேட்டரைக் கழற்றினார். முன்பெல்லாம் அவர் அதைக் கழற்றியது வெயில் ஏறின பிறகு. காலைக் குளிரிலேயே கழற்றியது அன்றுதான் முதல் தடவை. உள்ளே இருந்த சின்னப் பித்தளைத் தண்டைச் சுற்றி வெள்ளையாய், நெய் உறைந்த மாதிரி அப்பியிருந்தது. கொஞ்சத்தைப் பெருவிரலில் எடுத்தார். விரல் சூட்டுக்கே அது உருகி, அவர் வழக்கமாக விடுகிற எண்ணெய் மாதிரியே ஓடியது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

நான் சுடுதண்ணிக் கேத்தலோடு கதவடியில் நிற்கிறேன். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி முடிந்துகொண்டுதான் வந்திருக்கிறேன். அந்த வாசம் அவருடைய விரலிலிருந்தும் என் தலையிலிருந்தும் ஒன்றாய்த்தான் வந்திருக்கும். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பனிக்காலத்தில் எங்கள் வீட்டு எண்ணெய்ப் போத்தலையே அடுப்படியில் வைத்து உருக்கித்தானே ஊற்றுகிறேன்! அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அவருக்குத் தெரியும் என்று நான் நினைக்கிறேன். தெரிந்ததால்தான் திரும்பவில்லை.

அந்த நேரத்தில்தான் முதலாளியின் வான் வந்தது.

“கண்டுபிடிச்சீங்களா?”

“ஓம். தேங்காயெண்ணெய்.”

“தேங்காயெண்ணெயா? துவக்குக்குள்ளயா? யா அல்லாஹ்! யாரு ஊத்தின?”

“குளிருக்குக் கட்டியாகி உள்ளுக்குள்ள ஒட்டுது முதலாளி. வெயிலுக்கு உருகி விடுது. கனக்கச் சுட்டால் காத்து ஓடுற குளிருக்கும் உறையுது. அதுதான் ஒரு நேரம் கூட, ஒரு நேரம் குறைய.”

“அது சரி, யாரு?”

“சுடுதண்ணியும் சவர்க்காரமும் போட்டுக் கழுவினால் போயிடும்.”

“நான் யாருன்னு கேக்குறன், இந்த மனிசன் சவர்க்காரம்ங்கிறாரு! ஒரு புள்ளட கழுத்து வீங்கி, வாப்பாக்காரன் பொலிசுக்குப் போறன்னு நிக்கிறான். யாருன்னு எனக்குத் தெரியணும்.”

காவல்காரர் புத்தர்மேல் சத்தியம் பண்ணினார். தேங்காயெண்ணெயைத் தான் கறிக்கு மட்டும்தான் தொடுவதாகச் சிங்களத்தில் சொன்னார். தம்பி பித்தளைத் தண்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சொல்ல மாட்டீங்க? அப்ப நீங்கதான் செஞ்சன்னு வெச்சிக்கிறன். உங்கட சாமான்கள எடுத்துக்கிட்டு எறங்குங்க பாஸ்.”

தம்பி தன்னுடைய திருகாணிச் சாவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தத் துவாயில் வைத்துச் சுற்றத் தொடங்கினார். அந்தச் சைக்கிள் கம்பியையும் எடுத்து வைத்தார்.

அவர் அதைச் சுற்றி முடிக்கிற நேரம் வரைக்கும் நான் சும்மா நின்றேன். அதையும் எழுதத்தான் வேண்டும். முப்பத்தோரு வருசம் கூடையைக் கொட்டிப் பார்க்கவிடாதவள். இப்போது நாலு பேர் முன்னால் நானே கொட்டிக் காட்ட வேண்டும். வேலை போகும், அது பரவாயில்லை. ‘கெழவி தலைக்கு வைக்கிற எண்ணெயத் துவக்குக்கு ஊத்தினாளாம்’ என்று ரத்தோட்டைக் கடைத்தெருவே சிரிக்குமே!

அவர் துவாயின் முனையை முடிச்சுப் போட்டார். நான் கேத்தலைக் கீழே வைத்தேன்.

“நான்தான், முதலாளி. துருப்புடிக்கக் கூடாதுன்னு ஊத்துனேன். தெனமும் ஊத்துனேன். யாரும் சொல்லல்ல. நானாத்தான் செஞ்சேன்.”

முதலாளி வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய வார்த்தையை நான் அதுவரை சொன்னதில்லை. தம்பி என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தேன்.

அவர் துவாயை அவிழ்த்தார். உள்ளேயிருந்து பென்சிலை எடுத்தார். அட்டைத்துண்டைத் தேடி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

“எத்தனை துளி அம்மா?”

“என்ன தம்பி?”

“ஒரு சாமானுக்கு எத்தனை துளி விட்டனீங்கள்?”

“ஒண்ணு,” என்றேன். “ஏழாம் நம்பருக்கு மட்டும் ரெண்டு. அதுக்கு ரொம்ப முடியாம இருந்திச்சு.”

“ஆ!” என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “அதுதான் ஏழு மட்டும் ஏன் அப்பிடி எண்டு எனக்கு விளங்கவே இல்லை.” அதையும் எழுதிக்கொண்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஆச்சி, ஒங்களுக்கு நான் என்னத்த சொல்லுற!” என்றார். பிறகு, “எத்தன மணிக்கு ரெடியாகும் பாஸ்?” என்று கேட்டார்.

“பதினொரு மணிக்கு எட்டு தருவன். மிச்சம் பின்னேரம்.”

“ஆக்களுக்கு அதுவரைக்கும் ரிவர்ஸ்டன் காட்டிட்டு வாரன்,” என்று முதலாளி வானில் ஏறினார். ஏறும்போது, “அந்தச் சாவி?” என்று என் இடுப்பைப் பார்த்துக் கேட்டார்.

“அது அவவிட்டயே இருக்கட்டும்,” என்றார் தம்பி. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நானும் அவரும் வாசலில் இரண்டு சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் கழற்றித் தருவார். நான் சுடுதண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி வெள்ளைத் துணியில் வைப்பேன். கடுகு மாதிரி ஆணிகள், மோதிரத்துக்குக்கூடப் போதாத ரப்பர் வளையங்கள். துடைத்துத் துடைத்து ஒளிவிட வைத்திருந்த அந்தத் துவக்குகளின் உள்பக்கத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மூன்றாவது துவக்குக்கு வந்தபோது எனக்குக் கோபம் வந்தது. வெட்கம் கொஞ்சம் ஆறினால் கோபம்தானே வரும்.

“தம்பி, நீங்க மொத நாளே யாரு கை வெச்சதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, இந்தப் பாடு உண்டா? அந்தப் புள்ள கழுத்துல அடி பட்டிருக்குமா?”

அவர் கையிலிருந்த வேலை நின்றது. பித்தளைத் தண்டை வெள்ளைத் துணியில் வைத்தார்.

“ஓம் அம்மா,” என்றார். “அந்தப் பிள்ளைக்குப் பட்டது என்ர பிழைதான். அது எனக்குள்ள கிடக்கு.” பிறகு என்னைப் பார்த்தார். “ஆனா, கேட்டிருந்தால் சொல்லியிருப்பியளோ?”

சொல்லியிருப்பேன் என்று வாய் வரைக்கும் வந்தது. அவர் குற்றமாகக் கேட்கவில்லை. எத்தனை துளி என்று கேட்ட அதே மாதிரிதான் கேட்டார். உள்ளது தெரிய வேண்டும், அவ்வளவுதான். யார் என்று அவர் கேட்டிருந்தால், அலமாரிப் பக்கம் காவல்காரர்தான் அடிக்கடி போய் வருகிறார் என்று நான் சொல்லியிருப்பேன். அதை நம்பியும் இருப்பேன். சோற்றுப் பார்சல் தின்ற ஆள்தானே என்று எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

காவல்காரர் அந்த நேரம் அடுப்படியில் எங்கள் மூன்று பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சொல்லியிருக்க மாட்டேன் தம்பி,” என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த துவக்கை மடியில் வைத்துக் கழற்றத் தொடங்கினார்.